எக்ஸ்ஏ21 மரபணு இருந்தும் நாற்று கருகியது ஏன்? அந்தக் கிளைக்கோபுரதத்தில் சர்க்கரைக்கு என்ன வேலை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பாக்டீரிய இலைக்கருகல் நோய்க்கு எதிர்ப்புத் தரும் நெல்லின் எக்ஸ்ஏ21 மரபணு, செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு கிளைக்கோபுரதத்தை, அதாவது சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய ஒரு புரதத்தை உருவாக்குகிறது என்று படித்திருக்கிறீர்கள். டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையில் உங்கள் செடிகளில் அந்த மரபணு இருப்பதாகவே வந்தது. ஆனாலும் நாற்றுப் பருவத்தில் இலைக்கருகல் பாக்டீரியாவைச் செலுத்தியபோது இலைகள் கருகிவிட்டன. சோதனை தவறா, மரபணு வேலை செய்யவில்லையா, அந்தச் சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: மரபணு இருந்தால், அதன் புரதம் மேற்பரப்பில் வேலைக்குத் தயாராக நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. மரபணுவுக்கும் மேற்பரப்புக்கும் நடுவே நீண்ட வழி இருக்கிறது. மாணவர்கள் குழம்பும் இடங்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் வருகின்றன.

உங்கள் நாற்றுக்கு நேர்ந்ததை முதலில் பார்த்துவிடலாம். எக்ஸ்ஏ21 தரும் எதிர்ப்பு செடியின் வயதோடு ஏறுவது. இரண்டு இலைப் பருவத்தில் செடி நோய்க்கு ஆளாகத்தான் செய்யும். இலைகள் கூடக் கூட எதிர்ப்பும் கூடி, ஒன்பது பத்து இலை விட்ட பிறகே முழுமை பெறும். இதை 1999-இல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை: எக்ஸ்ஏ21-இன் ஆர்.என்.ஏ. அளவு, அதாவது மரபணு படிக்கப்படும்போது உருவாகும் நகலின் அளவு, வயதைச் சார்ந்ததல்ல. பாக்டீரியா தாக்கினாலும் இலை காயப்பட்டாலும் அது மாறுவதில்லை. ஆகவே ‘நாற்றில் மரபணு உறங்குகிறது, வளர்ந்ததும் விழிக்கிறது’ என்ற விளக்கம் நிற்காது. மரபணு நாற்றிலும் படிக்கப்படுகிறது. தடை அதற்குப் பிந்தைய கட்டத்தில் இருக்கிறது. அது புரதத்தின் அளவில் இருக்கிறதா, புரதம் எழுப்பும் சமிக்ஞையை ஏற்று நடத்தும் துணைப் புரதங்களில் இருக்கிறதா என்பது முழுதாகத் தீர்ந்த விஷயமல்ல. இருபது நாள் நாற்றில் செய்த சோதனையை வைத்து உங்கள் ரகத்தை ஒதுக்கிவிடாதீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இப்போது புரதத்துக்கு வருவோம். எக்ஸ்ஏ21 சாகுபடி நெல்லில் தோன்றியதல்ல. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த ஒரைசா லாஞ்சிஸ்டாமினாட்டா என்ற காட்டு நெல்லின் சொத்து. பிலிப்பைன்சில் உள்ள இர்ரி என்ற பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குர்தேவ் குஷ் குழுவினர் அதை, எதிர்ப்பில்லாத ஐ.ஆர்.24 ரகத்துக்குள் திரும்பத் திரும்பக் கலப்புச் செய்து கொண்டுவந்தார்கள். அப்படி வந்ததுதான் இன்று எல்லோரும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் ஐ.ஆர்.பி.பி.21. பதினோராவது குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவை 1995-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பமேலா ரொனால்டின் குழு பிரித்தெடுத்தது. அது தரும் புரதத்தில் 1025 அமினோ அமிலங்கள். செல்லுக்கு வெளியே நீளும் பகுதியில் லூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்த ஒரே மாதிரித் துண்டு 23 முறை அடுத்தடுத்து வருகிறது. செல் சவ்வை ஒரே ஒருமுறை ஊடுருவும் துண்டு நடுவில் இருக்கிறது. செல்லுக்குள் இருப்பது கைனேஸ் பகுதி, அதாவது பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதிப் பகுதி. வெளிப்பகுதி அடையாளம் காண்கிறது, உட்பகுதி செய்தி அனுப்புகிறது. இதே குடும்பத்தில் எக்ஸ்ஏ21டி என்று ஒரு உறவு மரபணு உண்டு. நடுவில் ஒரு தாவும் மரபணு புகுந்ததால் சவ்வுத் துண்டும் கைனேஸும் இல்லாமல் வெளிப்பகுதியை மட்டும் தருகிறது. அதுவும் ஓரளவு எதிர்ப்புத் தருகிறது என்பது, வெளிப்பகுதியின் முக்கியத்துவத்தைக் காட்டும் நல்ல சான்று.

சர்க்கரை எங்கே ஒட்டுகிறது? ரைபோசோமிலிருந்து வெளிவரும் புரதச் சங்கிலி, செல்லுக்குள் புரதங்கள் மடியும் இடமான எண்டோபிளாச வலைக்குள் நுழையும்போதே ஒட்டுகிறது. அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம், அடுத்து புரோலின் அல்லாத ஏதோ ஒன்று, அடுத்து செரீன் அல்லது திரியோனின் என்ற வரிசை வரும் இடங்களில், 14 சர்க்கரைகள் கொண்ட ஒரு கொத்து முழுதாக அஸ்பரஜினில் ஏற்றப்படுகிறது. அதில் குளுக்கோஸ் மூன்று, மேனோஸ் ஒன்பது, அடியில் என்-அசிட்டைல் குளுக்கோசமைன் இரண்டு. பிறகு குளுக்கோஸ்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும்போது, புரதம் சரியாக மடிந்திருக்கிறதா என்று வலையிலுள்ள துணைப் புரதங்கள் சரிபார்க்கின்றன. தேறியது, சர்க்கரைச் சங்கிலியைத் திருத்தி அனுப்பும் கோல்கை உறுப்புக்குப் போகும், தேறாதது சிதைக்கப்படும். ஆக, சர்க்கரையின் முதல் வேலை நோயோடு நேரடித் தொடர்பு இல்லாதது. புரதம் ஒழுங்காக மடிந்து வெளியேறுவதற்கான அனுமதிச் சீட்டு அது.

எக்ஸ்ஏ21-இல் இது வெறும் பாடநூல் செய்தியல்ல. இந்தப் புரதத்தில் சர்க்கரை ஒட்டியிருப்பதும், அது பிளாஸ்மா சவ்வில் மட்டுமல்லாமல் பெரும்பாலும் எண்டோபிளாச வலையிலேயே காணப்படுவதும் 2010-இல் பதிவானது. ‘மேற்பரப்புப் புரதம்’ என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பங்கு எந்த நேரத்திலும் உள்ளேதான் இருக்கிறது! அந்த வலையில் காவல் இருக்கும் பிப்3 என்ற துணைப் புரதத்தைச் செடியில் மிகையாக உண்டாக்கியபோது எக்ஸ்ஏ21-இன் நிலைத்தன்மை குறைந்தது, அது இயல்பாக வெட்டுப்படுவதும் தடைபட்டது, எதிர்ப்பும் குறைந்தது. அதே வலையின் தரக்கட்டுப்பாட்டில் பங்கெடுக்கும் எஸ்.டி.எஃப்.2 என்ற புரதம் குறைந்தாலும் எக்ஸ்ஏ21-இன் எதிர்ப்பு சரிகிறது. மரபணுவில் ஓர் எழுத்தும் மாறாமலே எதிர்ப்பு போய்விட முடியும் என்பதற்கு இவை நேரடிச் சான்றுகள். பி.சி.ஆர். எந்தச் செடியிலும் இதைக் காட்டாது.

நோய்க்கிருமியை அடையாளம் காண்பதில் சர்க்கரைக்கு நேரடிப் பங்கு உண்டா என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் இதே வகை ஏற்பிகள், அதாவது கிருமியை உணரும் மேற்பரப்புப் புரதங்கள், இரண்டை ஒப்பிட்டிருக்கிறார்கள். இ.எஃப்.ஆர். என்ற ஏற்பியில் ஒரே ஓர் இடத்துச் சர்க்கரையை நீக்கினாலே அது இலக்கைப் பிடிக்க முடியாமல் போகிறது. எஃப்.எல்.எஸ்.2 என்ற ஏற்பியோ சர்க்கரை குறைந்தாலும் பெரிதாகத் தளர்வதில்லை. அமைப்பில் நெருங்கிய உறவினர்களே இப்படி மாறுபடுவதால், ஒன்றின் முடிவை எக்ஸ்ஏ21-க்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. கட்டுரையில் எழுதும்போது ‘எக்ஸ்ஏ21 கிளைக்கோபுரதம், அதன் சர்க்கரை கிருமியை அறிய உதவுகிறது’ என்று எழுதாதீர்கள். முதல் பாதி நிறுவப்பட்டது, இரண்டாம் பாதி அனுமானம்.

உங்கள் ஆய்வகத்திலேயே சர்க்கரை இருப்பதைக் காட்ட விரும்பினால், வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. கணினி காட்டும் அஸ்பரஜின் இடங்கள் சான்றாகாது. வரிசை இருந்தும் சர்க்கரை ஏறாத இடங்கள் உண்டு. கைனேஸ் பகுதியில் அதே வரிசை தென்பட்டாலும் அது செல்லின் உட்புறம் இருப்பதால் அங்கே ஏறவே வழியில்லை. அடுத்தது நொதித் தேர்வு. விலங்குப் புரதங்களுக்குப் பழகிய, சர்க்கரைச் சங்கிலியை வெட்டி நீக்கும் பி.என்.கேஸ் எஃப் நொதியைப் போட்டு, ஜெல்லில் பேண்ட் (புரதத்தின் பட்டை) இறங்கவில்லை என்றதும் ‘சர்க்கரை இல்லை’ என்று முடிவுகட்டுவது தாவர ஆய்வில் அடிக்கடி நடக்கும் பிழை. கோல்கையைக் கடந்த தாவரச் சர்க்கரைச் சங்கிலியின் அடியில், பாலூட்டிகளில் இல்லாத முறையில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை ஒன்று ஒட்டியிருக்கும். அது இருந்தால் பி.என்.கேஸ் எஃப் வெட்டாது. பாதாம் பருப்பிலிருந்து எடுக்கப்படும் பி.என்.கேஸ் ஏ வெட்டும். ஆனால் அது பெரிய புரதத்தில் மந்தமாக வேலை செய்யும் என்பதால், டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியால் துண்டாக்கிய பிறகு பயன்படுத்துவது நல்லது. எண்டோ எச் நொதியோ மேனோஸ் மிகுந்த, கோல்கையில் இன்னும் திருத்தப்படாத சங்கிலியை மட்டும் வெட்டும். ஆகவே எண்டோ எச் போட்டதும் பேண்ட் கீழிறங்கினால் இரண்டு செய்தி கிடைக்கிறது: சர்க்கரை இருக்கிறது, அந்தப் பங்கின் சங்கிலி கோல்கையில் இன்னும் திருத்தப்படாத நிலையில் இருக்கிறது. மாதிரியை எஸ்.டி.எஸ்., டி.டி.டி. சேர்த்து 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி மடிப்பைக் குலைத்துவிட்டு, பிறகு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் நொதியோடு வையுங்கள். நொதி சேர்க்காத, ஆனால் அதே 37 டிகிரியில் அதே நேரம் இருந்த மாதிரி பக்கத்துக் குழியில் கட்டாயம் ஓட வேண்டும்.

ஏன் கட்டாயம் என்றால், எக்ஸ்ஏ21 தானாகவே வெட்டுப்படும் புரதம். மிக் என்ற குறியை வெளிப்பகுதியின் முனையில் இணைத்து, அந்தக் குறியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளால் ஜெல்லில் புரதத்தைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட் செய்தால் சுமார் 140 கிலோடால்டனில் முழுப் புரதமும், சுமார் 110-இல் வெட்டுப்பட்ட துண்டும் தெரியும். பொறி இங்கேதான். 1025 அமினோ அமிலங்களின் எடையைக் கணக்கிட்டால் அதுவும் 110-ஐ ஒட்டியே வரும். அதனால் 110 பேண்டைப் பார்த்து ‘இது சர்க்கரை ஏறாத முழுப் புரதம்’ என்று பொருள் கொள்ளத் தோன்றும். அது பிழை. எண் ஒத்துப்போவது தற்செயல். குறியை எந்த முனையில் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து எந்தத் துண்டு தெரியும் என்பதும் மாறும். செல்லுக்குள் இருக்கும் கைனேஸ் துண்டு பிரிந்து உட்கருவுக்குப் போவதாக 2012-இல் ஒரு ஆய்வு காட்டியது. வெளிமுனைக் குறி அந்தத் துண்டைக் காட்டாது.

இனி பி.சி.ஆர். நீங்கள் பயன்படுத்தியது அநேகமாக பி.டி.ஏ.248 மார்க்கராக இருக்க வேண்டும். அது எக்ஸ்ஏ21-ஐ மிக நெருங்கி நிற்கும் அடையாளம், மரபணுவே அல்ல. எதிர்ப்புள்ள செடியில் 1000 காரச் சோடிகளுக்குச் சற்றுக் கீழே ஒரு பேண்டும், எதிர்ப்பில்லாததில் 700-ஐ ஒட்டி ஒரு பேண்டும் வரும். 20 மைக்ரோலிட்டர் கலவையில் டி.என்.ஏ. 50 நானோகிராம், ஒவ்வொரு பிரைமரும் 0.25 மைக்ரோமோலார், மெக்னீசியம் குளோரைடு 1.5 மில்லிமோலார், டாக் நொதி ஒரு யூனிட் போதும். 94 டிகிரியில் 5 நிமிடம். பிறகு 94-இல் 30 வினாடி, 55-இல் 30 வினாடி, 72-இல் ஒரு நிமிடம் என்று 35 சுற்று. கடைசியில் 72-இல் 7 நிமிடம். 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் இரண்டும் தெளிவாகப் பிரியும். கலப்புச் செடியில், அதாவது இரு வடிவமும் ஒவ்வொரு பிரதி உள்ள செடியில், இரண்டு பேண்டும் வர வேண்டும். ஆனால் சிறிய துண்டு வேகமாகப் பெருகுவதால் பெரியது மங்கிப்போய், எதிர்ப்புள்ள கலப்புச் செடி எதிர்ப்பில்லாததாகத் தோன்றலாம். டி.என்.ஏ. சிதைந்திருந்தால் இது இன்னும் மோசமாகும். ஐ.ஆர்.பி.பி.21, ஐ.ஆர்.24, இரண்டின் டி.என்.ஏ.வையும் சரிபாதி கலந்த மாதிரி, டி.என்.ஏ. இல்லாத நீர் ஆகிய நான்கும் ஒவ்வொரு ஜெல்லிலும் இருந்தால்தான் முடிவை நம்பலாம். அந்தக் கலவையிலேயே பெரிய பேண்ட் தெரியவில்லை என்றால் குறை செடியில் இல்லை, உங்கள் சுற்றுகளில் இருக்கிறது. வம்சாவளி தெரியாத நாட்டு ரகத்தில் பெரிய பேண்ட் வந்தால் அதை எக்ஸ்ஏ21 என்று எழுதிவிடாதீர்கள். மார்க்கர் அளவு ஒத்துப்போவது வேறு, மரபணு இருப்பது வேறு.

செடியின் எதிர்ப்பை அளக்க இலை நுனி வெட்டும் முறைதான் இன்றும் சிறந்தது. பெப்டோன் சுக்ரோஸ் அகரில் 28 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வளர்ந்த பாக்டீரியாவை, மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி முதல் நூறு கோடி செல்கள் என்ற அளவில் தூய நீரில் கரையுங்கள். கரைசலைத் தயாரித்த இரண்டொரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். தூர் கட்டிய பருவத்தில், முழுதாக விரிந்த இளம் இலைகளில் நுனியிலிருந்து ஓரிரு சென்டிமீட்டரை, ஒவ்வொரு வெட்டுக்கும் கரைசலில் நனைத்த கத்தரியால் வெட்டுங்கள். செடிக்கு ஐந்து இலையாவது வேண்டும். 14-ஆம் நாள் வெட்டிலிருந்து கருகலின் நீளத்தை அளந்தால் ஐ.ஆர்.24-இல் சாதாரணமாகப் பத்து சென்டிமீட்டரைத் தாண்டிப் போயிருக்கும், ஐ.ஆர்.பி.பி.21-இல் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடும். எக்ஸ்ஏ21 இருந்தால் கருகலே இருக்காது என்று எதிர்பார்க்கக் கூடாது. வெட்டின் அருகே கொஞ்சம் காயத்தான் செய்யும். ஐ.ஆர்.24-இலேயே கருகல் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நின்றிருந்தால் பாக்டீரியா வீரியம் இழந்திருக்கிறது என்று பொருள். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்த பாக்டீரியாவில் இது நடக்கும். அந்தச் சோதனையை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுங்கள்.

வளர்ந்த ஐ.ஆர்.பி.பி.21-உம் சேர்ந்தே கருகினால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது கிருமியின் வகையை. எக்ஸ்ஏ21 அடையாளம் காண்பது ராக்ஸ்எக்ஸ் என்ற சிறு புரதத்தை. அதிலுள்ள ஒரு டைரோசினில் சல்பேட் ஏறியிருந்தால்தான் ஏற்பி அதைப் பிடிக்கும். சல்பேட்டை ஏற்றுவது ராக்ஸ்எஸ்டி என்ற பாக்டீரிய நொதி. ராக்ஸ்எக்ஸின் வரிசை மாறினாலோ அந்த நொதி போனாலோ பாக்டீரியா எக்ஸ்ஏ21-இன் கண்ணிலிருந்து தப்பிவிடும். அப்படித் தப்பும் வகைகள் இந்தியாவிலேயே பதிவாகியிருக்கின்றன. நீங்கள் செலுத்திய பாக்டீரியா எந்த வகை என்று கேள்வியில் குறிப்பிடவில்லை. அது தெரியாமல் இதற்கு மேல் உங்கள் முடிவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒப்பீட்டுக்கு உலகம் முழுதும் பயன்படுவது பிலிப்பைன்சின் பி.எக்ஸ்.ஓ.99ஏ. ஆனால் தாவர நோய்க்கிருமியை நாட்டுக்குள் வரவழைக்கத் தனி அனுமதி வேண்டும். உங்கள் மாநிலத்தில் சேகரித்த, ஐ.ஆர்.பி.பி.21-இல் அடங்குவது உறுதியான ஒன்றைக் கேட்டு வாங்குவதே சரியான வழி.

படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎக்ஸ்21 என்ற புரதம்தான் எக்ஸ்ஏ21-ஐத் தூண்டுகிறது என்று 2009-இல் வந்த கட்டுரையைப் பல குறிப்புகள் இன்னும் மேற்கோள் காட்டுகின்றன. அந்தக் கட்டுரை 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. பாக்டீரியக் குப்பிகளில் பெயர் மாறியிருந்ததையும் சோதனை மீண்டும் அதே முடிவைத் தராததையும் அந்த ஆய்வகமே கண்டறிந்து வெளிப்படையாக அறிவித்தது. ராக்ஸ்எக்ஸ் 2015-இல் வந்த கண்டுபிடிப்பு. உங்கள் பாடக்குறிப்பில் ஏஎக்ஸ்21 இருந்தால் அடித்துவிடுங்கள்.

கிருமி ஒரே மாற்றத்தில் தப்பிவிடும் என்பதால்தான் எக்ஸ்ஏ21-ஐப் பெரும்பாலும் தனியாக வயலுக்கு அனுப்புவதில்லை. ஐதராபாத்தில் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து உருவாக்கி 2008-இல் வெளியான மேம்படுத்திய சம்பா மசூரியில் எக்ஸ்ஏ21-உடன் எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 இரண்டும் இருக்கின்றன. தமிழ்நாட்டு விவசாயிகள் பிபிடி என்று அழைக்கும் அதே சம்பா மசூரியின் எதிர்ப்பு வடிவம் இது. அந்த இரண்டும் வேறு தளத்தில் வேலை செய்பவை. எக்ஸ்ஏ13 என்பது, செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே கடத்தும் ஒரு மரபணுவைப் பாக்டீரியா தன் தேவைக்காக முடுக்கிவிட முடியாதபடி, முடுக்குமிடம் மாறிய வடிவம். எக்ஸ்ஏ5, மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. ஆக்கும் செல்லின் படியெடுப்புப் பொறியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய வடிவம். ராக்ஸ்எக்ஸை மாற்றிக்கொண்ட பாக்டீரியா இவற்றை அந்த மாற்றத்தால் தாண்ட முடியாது. ஆனால் இரண்டும் ஒடுங்கு பண்புகள். இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் பலன் தரும். எக்ஸ்ஏ21 ஓங்கு பண்பு, ஒரு பிரதி போதும். உங்கள் தேர்வில் மூன்றையும் வைத்திருந்தால், கலப்பு நிலையில் உள்ள செடியின் எதிர்ப்பு எக்ஸ்ஏ21-இனுடையது மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள்.

வயலில் கருகலைப் பார்த்ததும் அது பாக்டீரியாவா என்று உறுதிசெய்ய ஆய்வகம் தேவையில்லை. காய்ந்த பகுதியும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் இலையை ஒரு விரல் நீளம் வெட்டி, கழுவி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுமுனை மட்டும் படும்படி பிடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டிய நரம்புகளிலிருந்து வெண்மையான இழை ஒன்று மெல்லக் கீழே இறங்கும். பிறகு நீர் மங்கும். தழைச்சத்துக் குறைவாலோ உப்பாலோ நுனி காய்ந்த இலையில் இந்த இழை வராது. காலையில் பனி இருக்கும்போதே போனால் கருகிய ஓரத்தில் பால் நிறத் துளிகளையும், வெயில் ஏறியபின் அவை காய்ந்து மஞ்சள் மணிகளாக ஒட்டியிருப்பதையும் காணலாம்.

நாற்றுப் பருவத்தில் எக்ஸ்ஏ21 பாதுகாப்புத் தராது என்பதற்கு வயலிலும் ஒரு நேரடி விளைவு உண்டு. தண்டுத் துளைப்பான் முட்டைக் குவியலை அகற்ற நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளுவது நம் பகுதியில் வழக்கம். கருகல் இருக்கும் ஊரில் அந்தக் கிள்ளல், நீங்கள் கத்தரியால் செய்த அதே சோதனையைக் கிருமி இலவசமாகச் செய்துகொள்ள வழிவிடுகிறது. எதிர்ப்பு ரகம்தானே என்று அங்கே துணியக் கூடாது. உங்கள் பானைச் செடிகள் இன்னும் உயிரோடு இருந்தால், அவை ஒன்பது இலை விடும்வரை காத்திருந்து, ஐ.ஆர்.24-ஐயும் ஐ.ஆர்.பி.பி.21-ஐயும் பக்கத்தில் வைத்து, புதிய இலைகளில் மீண்டும் வெட்டிப் பாருங்கள். மூன்றின் கருகல் நீளத்தையும் பாக்டீரியாவின் வகைப் பெயரையும் எழுதுங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.